கணினியிலிருந்து கணினிக்கு: நெட்வொர்க் வழிக் காப்புப்படியின் முறைகள்

நெட்வொர்க் வழிக் காப்புப்படி என்பது ஒரு கணினியின் கோப்பு முறைமையில் இருப்பவற்றை, கோப்புறை அடுக்கு, உரிமையாளர், அனுமதி, தேதி எல்லாவற்றோடும் இன்னொரு கணினியில் படியெடுத்து வைப்பது. அதே கணினியில் இரண்டாவது டிஸ்க்கைப் பூட்டிப் படியெடுத்தால் ஒரு டிஸ்க் பழுதாவதை மட்டுமே சமாளிக்கலாம். மின்னழுத்தம் எகிறினாலும், பெட்டியே திருடு போனாலும் இரண்டும் சேர்ந்தே போகும். பல டிஸ்க்குகளை ஒன்றாக இயக்கும் ரெய்டு அமைப்பையும் காப்புப்படி (பேக்கப்) என்று கொள்ள முடியாது: தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால் அதே நொடியில் எல்லா டிஸ்க்குகளிலும் அது அழிந்துவிடும். எனவே படி வேறொரு கணினிக்குப் போயாக வேண்டும். அங்கேதான் சிக்கல்கள் தொடங்குகின்றன. கம்பியின் வேகம் டிஸ்க்கின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. படியெடுத்துக்கொண்டிருக்கும்போதே மூலக் கோப்புகள் மாறும். இரு கணினிகளில் ஏதோ ஒன்று மற்றொன்றுக்குள் நுழையும் உரிமையை வைத்திருக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் நாற்பது ஆண்டுகளில் நல்ல தீர்வுகள் வந்துவிட்டன. மூன்றாவது, அதாவது படியை அழிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது, இன்றும் போதிய கவனம் பெறவில்லை. அண்மைக் காலப் பேரிழப்புகளில் பல அந்த வழியாகவே வந்தன.

தொடக்கக் கருவிகள் டேப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. யூனிக்ஸின் ஆறாம் பதிப்பில் (1975) 'டம்ப்' இருந்தது. ஏழாம் பதிப்பில் (1979) 'டார்' வந்தது. டார் கோப்பு முறைமையின் வழியாகவே சென்று கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்து ஒரே தொடராகக் கோக்கும். டம்ப் கோப்பு முறைமையைக் கடந்து டிஸ்க்கின் பிளாக்குகளை நேரடியாகப் படிக்கும். டம்ப்புக்கு 0 முதல் 9 வரை நிலைகள் உண்டு. நிலை 0 என்றால் முழுப்படி. அதற்கு மேற்பட்ட எந்த நிலையும், தன்னைவிடக் குறைந்த நிலையில் கடைசியாக எடுத்த படிக்குப் பிறகு மாறியவற்றை மட்டும் எடுக்கும். ஞாயிறு முழுப்படி, மற்ற நாட்களில் மாற்றங்கள் என்ற பழக்கம் இங்கிருந்து வேரூன்றியது. 1983இல் வெளியான 4.2 பிஎஸ்டி, டம்ப்பின் வெளியீட்டை நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினியின் டேப் கருவிக்கு அனுப்பும் வசதியைத் தந்தது. அலுவலகத்தில் ஒரே ஒரு கணினியில் டேப் கருவி இருந்தால் போதும் என்றானது.

பல கணினிகள் ஒரு டேப்பைப் பகிர்ந்தபோது புதிய இடையூறு எழுந்தது. டேப் ஒரே சீராக ஓடினால்தான் வேகமாக எழுதும். மெதுவான கணினியிடமிருந்து தரவு விட்டுவிட்டு வந்தால் அது நின்று, பின்னோக்கிச் சுற்றி, மீண்டும் ஓடும்; நேரமும் வீண், டேப்பும் தேயும். அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 1990களின் தொடக்கத்தில் உருவான 'அமாண்டா' இதற்கு எளிய வழி கண்டது. பல கணினிகளின் படிகள் ஒரே நேரத்தில் ஓர் இடைநிலை டிஸ்க்கில் வந்து சேரும்; சேர்ந்தவை அங்கிருந்து முழு வேகத்தில் டேப்புக்குப் போகும். எந்தக் கணினிக்கு எந்த இரவில் முழுப்படி என்பதையும் அமாண்டாவே திட்டமிட்டு, சுமையை எல்லா இரவுகளுக்கும் சமமாகப் பங்கிட்டது. 2000இல் கெர்ன் சிபால்ட் தொடங்கி 2002இல் வெளியிட்ட 'பேக்குலா', வேலையை ஆணையிடும் நிரல், கோப்புகளைப் படிக்கும் நிரல், சேமிக்கும் நிரல் என்று பிரித்து, எந்தக் கோப்பு எந்த டேப்பில் இருக்கிறது என்ற பட்டியலைத் தரவுத்தளத்தில் வைத்தது. நூற்றுக்கணக்கான கணினிகள் உள்ள நிறுவனங்களுக்கு அந்தப் பட்டியல்தான் பேக்குலாவின் உண்மையான மதிப்பு.

சிறிய அலுவலகங்களின் பழக்கத்தை மாற்றியது வேறொரு நிரல். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் 1996 ஜூனில் 'ஆர்சிங்க்'கை அறிவித்தார்கள். மெதுவான இணைப்பின் இரு முனைகளில் ஒரே கோப்பின் பழைய வடிவமும் புதிய வடிவமும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து ஒப்பிட முடியாது. அப்படியிருக்க வேறுபாட்டை மட்டும் எப்படி அனுப்புவது? அவர்கள் கண்ட விடை இது. பழைய வடிவத்தை வைத்திருக்கும் கணினி அதைச் சம அளவுத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் உள்ளடக்கத்தை அடையாளம் காட்டும் இரண்டு செக்சம்களைக் கணக்கிட்டு அனுப்புகிறது: ஒன்று எளிதில் கணக்கிடக்கூடிய 32 பிட் எண், மற்றொன்று வலுவான 128 பிட் எண். புதிய வடிவத்தை வைத்திருக்கும் கணினி, அதே அளவுள்ள ஒரு சன்னலைத் தன் கோப்பின் மேல் ஒவ்வொரு பைட்டாக நகர்த்திக்கொண்டே போகிறது. சன்னல் ஒரு பைட் நகரும்போது எளிய செக்சமை முதலிலிருந்து கூட்டத் தேவையில்லை. வெளியேறும் பைட்டைக் கழித்து உள்ளே வரும் பைட்டைச் சேர்த்தால் போதும். எளிய எண் பொருந்தினால் மட்டும் வலுவான எண்ணைக் கணக்கிட்டு உறுதி செய்கிறது. பொருந்திய இடங்களுக்குத் துண்டின் எண் மட்டும் போகும். பொருந்தாத பைட்டுகள் அப்படியே போகும். ஒரு பெரிய கோப்பின் தொடக்கத்தில் ஒரு வரியைச் செருகி மற்ற எல்லாவற்றையும் இடம்பெயர்த்தாலும், அந்த வரியும் துண்டு எண்களும் தவிரப் பெரிதாக எதுவும் கம்பியில் போகாது. கணினியியலில் இவ்வளவு சிக்கனமான, இவ்வளவு அழகான கருத்துகள் அடிக்கடி தோன்றுவதில்லை.

ஆனால் ஆர்சிங்க்கைப் பயன்படுத்துவோர் பலர் அந்தச் சிக்கனத்தைத் தம்மை அறியாமலே இழக்கிறார்கள். தொலைவிலுள்ள கோப்புறையை என்எஃப்எஸ் அல்லது விண்டோஸ் பகிர்வு வழியாக இணைத்துக்கொண்டு ஆர்சிங்க்கை ஓட்டினால், இரு பக்கமும் ஒரே கணினியில் இருப்பதாக அது கருதும். வேறுபாட்டுக் கணக்கைக் கைவிட்டு, மாறிய கோப்பை முழுவதுமாக அனுப்பும். ஆர்சிங்க் இரு முனைகளிலும் ஓட வேண்டும்; பாதுகாப்பான தொலை இணைப்பான எஸ்எஸ்எச் வழியாகவோ ஆர்சிங்க்கின் சொந்தச் சேவை வழியாகவோ இரண்டும் பேசிக்கொள்ள வேண்டும். இன்னொன்று: எந்தக் கோப்பு மாறியது என்பதை அது பொதுவாக அளவையும் மாற்றத் தேதியையும் மட்டும் பார்த்து முடிவு செய்கிறது. இரண்டும் மாறாமல் உள்ளடக்கம் மட்டும் மாறினால் அது கண்ணில் படாது. உள்ளடக்கத்தையே ஒப்பிடச் சொல்லும் வழி உண்டு. அப்போது இரு பக்கமும் எல்லாக் கோப்புகளையும் முழுவதுமாகப் படிக்க வேண்டும். தினமும் அது கட்டுப்படியாகாது, ஆனால் மாதம் ஒரு முறை செய்யத்தக்கது.

வேறுபாட்டை மட்டும் அனுப்புவதன் பயன் நெட்வொர்க்கின் வேகத்தைப் பொறுத்தது. ஒரு டெராபைட்டை நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் அனுப்ப, எந்த இழப்பும் இல்லாவிட்டாலும் 22 மணி நேரம் ஆகும்; ஒரு கிகாபிட் இணைப்பில் இரண்டேகால் மணி நேரத்துக்குள் முடியும். சிறு கோப்புகள் லட்சக்கணக்கில் இருந்தால் வேகத்தைவிடத் தாமதமே தடையாகும். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கேள்வி, ஒரு பதில் என்று நடக்கும் நெறிமுறையில், ஒரு சுற்றுக்கு 5 மில்லி நொடி என்றாலும், பத்து லட்சம் கோப்புகளுக்கு 5,000 நொடி வெறும் காத்திருப்பில் போகும். டார் தொடரை எஸ்எஸ்எச் வழியாக நேரே பாய்ச்சும் பழைய உத்தி முதல் படிக்கு இன்றும் பல புதிய கருவிகளை முந்துவதற்குக் காரணம் இதுதான்.

ஆர்சிங்க் தருவது மூலத்தின் இன்றைய பிம்பம். நேற்று அழித்துவிட்ட கோப்பை நாளை மறுநாள் தேடினால், மூலத்தில் இல்லாதவற்றை நீக்கும் விருப்பத்தோடு இன்றிரவு ஓடிய ஒத்திசைவு அதைப் படியிலிருந்தும் அழித்திருக்கும். இதைத் தீர்க்க ஹார்டு லிங்க் உத்தி வந்தது. யூனிக்ஸ் கோப்பு முறைமையில் ஒரே உள்ளடக்கத்துக்குப் பல பெயர்கள் இருக்கலாம். ஒவ்வோர் இரவும் புதிய தேதியிட்ட கோப்புறையை உருவாக்கி, மாறாத கோப்புகளுக்கு முந்தைய நாளின் உள்ளடக்கத்துக்கே புதிய பெயர் இட்டு, மாறியவற்றை மட்டும் புதிதாக எழுதினால், ஒவ்வொரு தேதியும் முழுப்படி போலத் தோன்றும். இடமோ மாற்றங்களுக்கு மட்டுமே செலவாகும். 'ஆர்ஸ்னாப்ஷாட்' இதை வழக்கமாக்கியது. ஆப்பிள் 2007இல் தந்த 'டைம் மெஷின்' கோப்புறைகளுக்கும் ஹார்டு லிங்க்கை நீட்டியது. இம்முறையின் பெருஞ்சிறப்பு, மீட்க எந்தக் கருவியும் வேண்டாம் என்பது. கோப்புறையைத் திறந்து கோப்பை எடுத்துக்கொள்ளலாம். குறையும் உண்டு. பத்து கிகாபைட் அஞ்சல் கோப்பில் ஒரு கடிதம் சேர்ந்தாலும் மறுநாள் முழுக் கோப்பும் மீண்டும் எழுதப்படும். அதோடு, முப்பது தேதிகளில் தெரியும் மாறாத கோப்பு டிஸ்க்கில் ஒரே ஒரு முறைதான் இருக்கிறது. அந்த இடம் பழுதானால் முப்பதும் பழுது.

கோப்பைவிடச் சிறிய அலகில் மிச்சம் பிடிக்கும் எண்ணம் 2001–02இல் இரண்டு ஆய்வுகளில் தெளிவாக வெளிப்பட்டது. பெல் ஆய்வகத்தின் ஷான் குயின்லனும் ஷான் டார்வர்டும் 'வென்டி'யை எழுதினார்கள். அதில் ஒவ்வொரு பிளாக்குக்கும் அதன் ஷா-1 ஹாஷ் மதிப்பே முகவரி. ஒரே உள்ளடக்கத்துக்கு ஒரே முகவரி என்பதால் அது இரண்டு முறை சேமிக்கப்படாது. எழுதியதை மாற்றவும் வழியில்லை. அதற்குச் சற்று முன் எல்பிஎஃப்எஸ் என்ற ஆய்வுக் கோப்பு முறைமை துண்டுகளின் எல்லையை உள்ளடக்கத்தைக் கொண்டே தீர்மானித்தது. சம அளவில் வெட்டினால் நடுவில் ஒரு பைட் சேர்ந்ததும் அடுத்த எல்லாத் துண்டுகளும் மாறிவிடும். மைக்கேல் ராபினின் கைரேகைக் கணக்கைக் கோப்பின் மேல் நகர்த்தி, குறிப்பிட்ட மதிப்பு வரும் இடத்தில் வெட்டினால், மாற்றம் நிகழ்ந்த இடத்துக்கு அருகிலுள்ள துண்டுகள் மட்டுமே மாறும். எல்பிஎஃப்எஸ்ஸில் துண்டின் சராசரி அளவு 8 கிலோபைட்.

இன்று பலர் பயன்படுத்தும் 'போர்க்', 'ரெஸ்டிக்' ஆகியவை இந்த இரண்டு கருத்துகளின் வாரிசுகள். அவை மூலக் கணினியிலேயே துண்டாக்கி, சுருக்கி, மறையாக்கம் செய்து அனுப்புகின்றன. சேமிக்கும் சர்வருக்குப் பெயர்களும் தெரியாது, உள்ளடக்கமும் தெரியாது. நம்பகமற்ற இடத்திலும் படியை வைக்கலாம் என்பது பெரிய விடுதலை. அதற்குக் கொடுக்கும் விலை: சாவியும் கடவுச்சொல்லும் அந்தக் கணினியிலேயே இருந்து அதோடு அழிந்தால் படி இருந்தும் இல்லாததே. சாவியைத் தாளில் அச்சிட்டு வேறிடத்தில் வைப்பது பழமையான வழிதான். இதைவிட உறுதியானது கிடையாது.

ஆர்சிங்க், போர்க், ரெஸ்டிக் எல்லாமே மாறியதைக் கண்டுபிடிக்கக் கோப்பு அடுக்கு முழுவதையும் நடந்து பார்க்கின்றன. கோடிக்கணக்கான கோப்புகள் உள்ள இடத்தில் அந்த நடைக்கே பல மணி நேரம் ஆகும். சன் நிறுவனம் 2005இல் வெளியிட்ட இசட்எஃப்எஸ் இந்த நடையைத் தேவையற்றதாக்கியது. அதில் ஒவ்வொரு பிளாக்கைச் சுட்டும் பதிவிலும் அந்த பிளாக் எந்தப் பரிமாற்றத்தில் பிறந்தது என்ற எண் இருக்கிறது. இரண்டு ஸ்னாப்ஷாட்களுக்கு (குறிப்பிட்ட கணங்களில் உறையவைத்த நிலைகளுக்கு) இடையே மாறியவற்றை அறிய, பழைய எண்ணுள்ள கிளைகளுக்குள் நுழையாமலே தாண்டிப் போகலாம். மாற்றங்கள் ஒரு தொடராக வெளியே வரும். மறுமுனையில் உள்ள இசட்எஃப்எஸ் அதை ஏற்றுப் பொருத்திக்கொள்ளும். லினக்ஸின் பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கு இதே வசதி 2012இல் வந்தது. இரு முனைகளிலும் ஒரே வகைக் கோப்பு முறைமை வேண்டும் என்பதே இதன் கட்டுப்பாடு. அது தடையில்லாத இடத்தில் இதைவிட நல்ல முறை இப்போதைக்கு இல்லை.

தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது சிக்கலையும், அதாவது படியெடுக்கும்போதே மூலக் கோப்புகள் மாறுவதையும், ஸ்னாப்ஷாட் தீர்க்கிறது. இரவு பத்து மணிக்குத் தொடங்கி நான்கு மணி நேரம் ஓடும் பேக்கப், முதல் கோப்பைப் பத்து மணி நிலையிலும் கடைசிக் கோப்பை இரண்டு மணி நிலையிலும் எடுக்கும். ஒன்றோடொன்று பிணைந்த கோப்புகளுக்கு இது ஆபத்து. டிஸ்க்கை நேரடியாகப் படிக்கும் டம்ப் இதில் இன்னும் பலவீனமானது. லினக்ஸ் 2.4இல் நினைவகத்தில் உள்ளதும் டிஸ்க்கில் உள்ளதும் ஒத்துப்போகும் என்ற உறுதி இல்லை என்று காட்டி, டம்ப்பைக் கைவிடுமாறு லினஸ் டோர்வால்ட்ஸ் 2001இல் வெளிப்படையாகவே அறிவுறுத்தினார். இப்போது லினக்ஸில் எல்விஎம், விண்டோஸில் ஷேடோ காப்பி ஆகியவை ஒரு நொடியின் நிலையை உறைய வைக்கின்றன. படி அந்த உறைந்த நிலையிலிருந்து எடுக்கப்படும். ஆனாலும் ஸ்னாப்ஷாட் தருவது மின்சாரம் திடீரென நின்ற கணத்தின் நிலைதான். தரவுத்தளம் ஓடும் சர்வரில், தரவுத்தளத்தின் சொந்த ஏற்றுமதிக் கருவியால் ஒரு கோப்பை எழுதி அதையும் சேர்த்துப் படியெடுப்பதே பாதுகாப்பு.

கோப்பின் உள்ளடக்கம் போய்ச் சேர்ந்தாலும் அதைச் சுற்றியிருப்பவை சேராமல் போகலாம். உரிமையாளர் எண், அனுமதிப் பட்டியல், ஹார்டு லிங்க், வெற்றிடமுள்ள கோப்பு ஆகியவற்றைச் சிறப்பாகக் கேட்டால்தான் பல கருவிகள் எடுக்கும். ஆர்சிங்க்கின் 'ஆர்க்கைவ்' விருப்பம்கூட அனுமதிப் பட்டியலையும் ஹார்டு லிங்க்கையும் விட்டுவிடும். தமிழில் கோப்புப் பெயர் இடுவோருக்கு மேலும் இரண்டு கண்ணிகள் உள்ளன. 'கொ' என்பதன் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ் எப்போதும் பிரித்தே சேமிக்கும். லினக்ஸ் வந்ததை அப்படியே வைக்கும். அதனால் மேக்கிலிருந்து லினக்ஸுக்குப் படியெடுக்கும்போது 'கொடை' என்ற ஒரே பெயரில், கண்ணுக்கு வேறுபாடே தெரியாத இரண்டு கோப்புகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஆர்சிங்க்கிடம் பெயர்களின் குறியாக்கத்தை மாற்றச் சொன்னால் இது தீரும். அடுத்தது நீளம். லினக்ஸின் எக்ஸ்ட்4 பெயருக்கு 255 பைட் தரும். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணுக்கும் 3 பைட் என்பதால் 85 குறியெண்களே அடங்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸிலோ 255 அடங்கும். விண்டோஸில் எளிதாக உருவான நீண்ட தமிழ்ப் பெயர் லினக்ஸ் சர்வரில் பிழையாகித் திரும்பும். அந்தக் கோப்பு மட்டும் படியில் இருக்காது. நூல் தலைப்பையே கோப்புப் பெயராக்கும் பதிப்பகங்களும் நூலகங்களும் பிழைப் பதிவேட்டைப் படிக்காமல் விடக் கூடாது.

இனி அதிகாரம் பற்றியது. மூலக் கணினி தானே படியை அனுப்பினால், சேமிக்கும் சர்வரில் எழுதும் உரிமை அதற்கு வேண்டும். எழுதும் உரிமை சாதாரணமாக அழிக்கும் உரிமையையும் உள்ளடக்கியது. மூலக் கணினிக்குள் புகுந்தவர் அதே வழியில் போய்ப் படியையும் அழித்துவிடுவார். பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் குழுக்கள் முதலில் தேடுவது அந்த வழியைத்தான். மாறாக, சேமிக்கும் சர்வர் வந்து எடுத்துக்கொண்டால், எல்லாக் கணினிகளையும் திறக்கும் உரிமை ஓரிடத்தில் குவிகிறது. இரண்டில் பின்னதே மேல், ஒரு நிபந்தனையோடு: எஸ்எஸ்எச் சாவியை ஒரே கட்டளைக்கு, படிப்பதற்கு மட்டும் என்று கட்டிவைக்க வேண்டும். தானே அனுப்பும் முறையைத் தவிர்க்க முடியாவிட்டால், சேர்க்க மட்டும் இடமளிக்கும் நிலையில் சர்வரை வைக்கலாம். போர்க்கிலும் ரெஸ்டிக்குக்கான சர்வரிலும் அதற்கு வழி உண்டு. அமேசானின் எஸ்3 சேவை 2018 முதல், குறித்த காலம் முடியும் வரை கணக்கின் உரிமையாளராலும் அழிக்க முடியாத பூட்டைத் தருகிறது.

மூலத்தோடு சேர்த்துப் படியையும் அழிக்க முடியுமா என்ற வேறுபாட்டின் விலை எவ்வளவு என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நாசகார நிரல் தாக்கியபோது, மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் பயனர் கணக்குகளைத் தாங்கிய சுமார் 150 சர்வர்கள் ஒன்றுக்கொன்று படியாக இருந்தன. எல்லாம் ஒன்றாகவே அழிந்தன. கானாவில் மின்வெட்டால் இணைப்பு அறுந்து கிடந்த ஒரே ஒரு சர்வரிலிருந்து அந்தத் தரவு மீட்கப்பட்டது. 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழை ஜிமெயில் கணக்குகள் சிலவற்றின் அஞ்சல்களைப் பல தரவு மையங்களில் ஒருசேர அழித்தது. நெட்வொர்க்கில் இணையாத டேப்புகளே அவற்றைத் திருப்பித் தந்தன. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்களில் ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டபோது, பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து நோயாளர் தரவு மீட்கப்பட்டது. எதிரி இல்லாமலும் இது நடக்கும். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில், பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் திருத்திய வடிவத்தால் மேலெழுதினார்கள். பாதியில் மாறிய ஸ்கிரிப்ட்டில் ஒரு மாறிக்கு மதிப்பு இல்லாமல் போயிற்று. பழைய பதிவேடுகளை அழிக்க வேண்டிய கட்டளை ஆய்வாளர்களின் கோப்புகளை அழித்தது. 77 டெராபைட், சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள். காக்க வந்த நிரலுக்கு மூலத்தை அழிக்கும் உரிமை இருந்ததே அடிப்படைத் தவறு.

இடத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் தரவு மையம் எரிந்தபோது, அதே வளாகத்தில் படியை வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜான் நகர அரசுத் தரவு மையத்தில் தீப்பற்றியபோது, அரசு ஊழியர்களின் பொதுச் சேமிப்பகத்தில் இருந்த 858 டெராபைட் அழிந்தது. அளவு பெரிது என்பதால் அதற்கு வெளிப்படி எடுக்கப்படவே இல்லை. மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில் என்று ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோ எழுதிய விதி இன்றும் செல்லும். நெட்வொர்க் சேவைகள் மலிந்த காலத்தில் அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: ஒரு படியாவது மற்றவற்றின் கடவுச்சொல்லால் அழிக்க முடியாததாக இருக்க வேண்டும்.

படி இருக்கிறது என்பது மீட்டுப் பார்த்த பிறகே தெரியும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புறையை அழித்தார். தினசரி ஏற்றுமதி, தொலைச் சேமிப்பகம் என்று பல ஏற்பாடுகள் இருந்தன. ஏற்றுமதிக் கருவியின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாததால் அது நெடுநாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. சேமிப்பகம் காலியாக இருந்தது. தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களைப் பெறும் சர்வர் ஏற்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு சோதனைக்காகக் கையால் எடுத்த எல்விஎம் ஸ்னாப்ஷாட் ஒன்றே கைகொடுத்தது. அதையும் மெதுவான டிஸ்க்குகளிலிருந்து திரும்பக் கொண்டுவர 18 மணி நேரம் பிடித்தது. பேக்கப் எடுக்கும் ஒவ்வோர் அலுவலகமும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெறும் டிஸ்க் உள்ள ஒரு கணினியில் முழுப்படியையும் மீட்டு, சில கோப்புகளைத் திறந்து பார்த்து, எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். தோல்வி அறிவிப்பை எதிர்பார்த்திருக்காமல், கடைசியாக வெற்றிகரமாக முடிந்த படியின் தேதியைத் தினமும் ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும்.